பருவ விளைபொருளை லாரியில் ஏற்றி விற்று லாபம் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காய்கறி, பழங்களை அவை விளையும் இடத்தில் வாங்கி, அருகிப்போயிருக்கும் இடத்துக்கு லாரியில் கொண்டுசென்று விற்பது பார்வைக்கு மிக எளிய வியாபாரம். அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை, இடைப்பட்டது நமக்கு என்று தோன்றும். நான் பார்த்தவரை, முதல் பருவத்திலேயே கையைச் சுட்டுக்கொண்டு விலகியவர்கள் யாரும் விலை வித்தியாசத்தைத் தவறாகக் கணித்தவர்கள் அல்லர். ஏற்றிய எடையையும் விற்கத் தகுந்த எடையையும் ஒன்றென்று நினைத்தவர்கள் அவர்கள். ஒரு வண்டிச் சரக்கில் முதல் ஏழு பங்கு செலவை அடைக்கத்தான் உதவுகிறது, லாபம் கடைசியாக மிஞ்சும் எட்டாவது பங்கில் இருக்கிறது. இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த எட்டாவது பங்கைக் காப்பாற்றும் வழிதான்.

முதல் படி: வண்டியைக் கிளப்பும் முன் காகிதத்தில் ஒரு நடை ஓட்டிப் பாருங்கள்

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பணத்தை வெறும் அலகாகவே குறிக்கிறேன். எந்த நாணயத்திலும் இதைப் பொருத்திக்கொள்ளலாம். 10,000 கிலோ சரக்கைக் கிலோ 6 அலகுக்கு வாங்கினால் கொள்முதல் 60,000. பறிப்பு, பெட்டி, ஏற்றுக்கூலி ஆகியவற்றுக்கு 6,000. எரிபொருள், ஓட்டுநர் சம்பளம், சுங்கம், டயர் தேய்மானம் எல்லாம் சேர்த்துப் போக வர 18,000. இறக்குக்கூலி, சந்தைக் கட்டணம் 3,000. மொத்தம் 87,000. இதைப் பத்தாயிரத்தால் வகுத்து, கிலோவுக்கு 8.70 வந்தால் முதல் திரும்பிவிடும் என்று முடிவுகட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை.

உண்மையில் நடப்பது வேறு. வழியில் நீர் ஆவியாகி 3 சதவீத எடை குறைகிறது. அழுகல், நசுங்கல், உடைசல் என்று 7 சதவீதம் கழிகிறது. மிஞ்சுவது 9,000 கிலோ. அதிலும் 1,500 கிலோ இரண்டாம் தரமாகி அரை விலைக்குப் போகிறது. விற்றுத் தருபவர் 8 சதவீதம் தரகு எடுத்துக்கொள்கிறார். இவ்வளவையும் கழித்துப் பார்த்தால், முதல் தரச் சரக்கு கிலோ ஏறக்குறைய 11.50 அலகுக்கு விற்றால்தான் கைமுதல் திரும்பும். 13 அலகுக்கு விற்றால் வரவு 98,670, லாபம் 11,670. அந்த லாபத்தை அதே விலையில் சரக்காக மாற்றிப் பார்த்தால் ஆயிரம் கிலோகூடத் தேறாது. நான் சொன்ன எட்டாவது பங்கு அதுதான்.

இப்போது வண்டி அரை நாள் தாமதமாகி, இன்னும் ஓராயிரம் கிலோ முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறங்கியது என்று வையுங்கள். ஒரு கிலோகூடக் கொட்டவில்லை, விலையும் விழவில்லை, ஆனாலும் லாபம் 5,690 ஆக, பாதிக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. இந்தக் கணக்கை உங்கள் ஊர்க் கூலியையும் எரிபொருள் விலையையும் வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சேதாரத்தை இரட்டிப்பாக வைத்தும் ஒருமுறை போடுங்கள். அப்போதும் நஷ்டம் வராத நடைதான் தொடக்கக்காரருக்கு ஏற்றது.

இரண்டாம் படி: உங்கள் தூரத்துக்கு ஏற்ற சரக்கைத் தேர்ந்தெடுங்கள்

எந்தப் பொருளுக்கு விலை அதிகம் என்று கேட்பதற்கு முன், எந்தப் பொருள் எத்தனை நாள் பொறுக்கும் என்று கேட்க வேண்டும். பறித்த பின்னும் காய்கனிகள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கின்றன. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் அந்த மூச்சின் வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது, அதே அளவுக்கு ஆயுள் கரைகிறது. நன்றாக உலர்த்திய வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி போன்றவை பொறுமைசாலிகள். கீரை, பெர்ரி வகைகள், இனிப்புச் சோளம் ஆகியவை மணிக்கணக்கில் தரம் இழப்பவை. கீரையில் 3 முதல் 5 சதவீத நீர் போனாலே வாட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எடையில் இழந்தது சொற்பமாகத் தோன்றினாலும், விலையில் இழப்பது அதைப்போல் பலமடங்கு.

பறித்த பின் பழுப்பவை, பழுக்காதவை என்ற பிரிவும் முக்கியம். தக்காளி, வாழை, மா ஆகியவை வழியிலும் பழுக்கும். தர்பூசணி, திராட்சை, ஆரஞ்சு ஆகியவை கொடியிலும் மரத்திலும் எந்த இனிப்பில் இருந்தனவோ அதற்கு மேல் ஏறாது. பருவத் தொடக்கத்தில் விலை உச்சத்தில் இருக்கும்போது பிஞ்சாக அறுத்த தர்பூசணியை வாங்கி, போய்ச் சேர்வதற்குள் பழுத்துவிடும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பழுக்காது. வாங்கியவர் வீட்டில் ஒருமுறை வெள்ளையாக வெட்டுப்பட்டால், மறுவாரம் அந்தக் கடைக்காரர் உங்கள் வண்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்னொன்று, கனம். வெங்காயம், உருளைக்கிழங்கு, தர்பூசணி ஆகியவற்றில் வண்டியின் எடை வரம்பு முதலில் நிரம்பும். கீரை, காலிஃபிளவர், குடைமிளகாய் ஆகியவற்றில் இடம் முதலில் நிரம்பிவிடும், எடை பாதிகூட வராது. இடத்தை அடைக்கும் சரக்குக்குக் கிலோவுக்கு விழும் வாடகை கூடுதல் என்பதை முதல் படியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பருவத்தையும் வரத்தையும் படியுங்கள்

விளைபொருள் விலை வரத்துக்கு நேர்விகிதமாக அசைவதில்லை. 1699-இல் இங்கிலாந்தில் சார்லஸ் டேவனன்ட் என்ற பொருளியல் எழுத்தாளர் தானியத்தைப் பற்றி வெளியிட்ட பழைய கணக்கு ஒன்றின்படி, விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பத்தில் இரண்டு பங்கு குறைந்தால் பத்தில் எட்டுப் பங்கு ஏறும். அந்த எண்கள் இன்றைய தக்காளிக்குப் பொருந்த வேண்டியதில்லை. ஆனால் போக்கு பொருந்தும்: சற்றே குறைந்தால் விலை தாவுகிறது, சற்றே மிகுந்தால் சரிகிறது. வழக்கமாகப் பத்து வண்டி வரும் சந்தைக்குப் பதின்மூன்று வண்டி வந்தால், உங்கள் வண்டி அந்த மூன்றில் ஒன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லோருக்கும் அடி விழும்.

சென்ற ஆண்டு விலையை வைத்து இந்த ஆண்டு முடிவெடுப்பது இதைவிட ஆபத்து. நல்ல விலை கிடைத்த பயிரை மறு ஆண்டு எல்லா விவசாயிகளும் நடுவார்கள். வரத்து பெருகி விலை படுத்துவிடும். அதைப் பார்த்து அதற்கடுத்த ஆண்டு நடவு குறையும், விலை மறுபடி எழும். பொருளியலில் இதற்குச் சிலந்திவலை என்று 1934-இல் பெயர் சூட்டியவர் நிக்கோலஸ் கால்டார். ஆகவே விலைப்பட்டியலைவிட விதைக்கடைக்காரர், நாற்றுப்பண்ணைக்காரர் ஆகியோரின் பேச்சு பயன் தரும். நாற்று எவ்வளவு போயிற்று என்று நடவு நேரத்திலேயே கேட்டு வைத்தால், அறுவடைக்கால வரத்து ஓரளவு முன்கூட்டியே புலப்படும்.

பருவத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் கிலோவுக்கு நிற்கும் லாபம் அதிகம், தரமோ நம்ப முடியாதது. நடுப்பருவத்தில் தரம் சீராக இருக்கும், லாபம் மெலிந்திருக்கும், ஆனால் வண்டி சும்மா நிற்காது. முதல் ஆண்டில் நடுப்பருவத்தில் மட்டும் ஓடிப் பழகுவது நல்லது. விற்கும் இடத்தில் ஒரே வாரத்தில் மூன்று வெவ்வேறு நாள்கள் அதிகாலையில் போய் நின்று, எத்தனை வண்டி வருகிறது, எத்தனை மணிக்குள் காலியாகிறது, தேங்கிய சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தேங்கிய சரக்கின் விலைதான் உங்களுக்குத் தேவையான தகவல், காலை முதல் விலை எல்லோருக்கும் தெரியும்.

நான்காம் படி: வண்டி

முதல் பருவத்துக்கு வாடகை வண்டியே போதும். சொந்த வண்டி என்றால் கடன் தவணை, காப்பீடு, வரி ஆகியவை அது நிற்கும் நாளிலும் ஓடிக்கொண்டிருக்கும். விளைச்சலோ ஆண்டில் சில மாதமே. திரும்பி வரும்போது ஏதாவது லோடு கிடைக்குமா என்பதை வண்டி பேசும்போதே முடிவுசெய்யுங்கள். மேலே சொன்ன கணக்கில் திரும்புகாலில் 5,000 அலகு வாடகை கிடைத்தால் லாபம் 11,670-லிருந்து 16,670 ஆகிறது. எந்தப் பேரமும் இவ்வளவு எளிதில் இதைத் தராது. ஆனால் பூச்சிமருந்து, உரம், எண்ணெய் போன்றவற்றை ஏற்றிய வண்டியில் அடுத்த நடை காய்கனி ஏற்றக் கூடாது. வாடை ஒட்டுவதோடு போகாது, நஞ்சும் ஒட்டும்.

குளிர்பதன வண்டியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. அது சூடான சரக்கைக் குளிர்விக்கும் இயந்திரம் அன்று, குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்கும் இயந்திரம். வெயிலில் பறித்து 32 டிகிரியில் இருக்கும் பெட்டிகளை அடைத்துக் கதவைச் சாத்தினால், நடுவில் உள்ள பெட்டிகள் போய்ச் சேரும்வரை வெந்துகொண்டுதான் இருக்கும். ஏற்றும் முன்பே சரக்கைக் குளிர்விக்க வசதி இல்லாத இடத்தில் அதற்கு அதிக வாடகை கொடுப்பது வீண், இரவில் ஓடும் காற்றோட்டமான திறந்த வண்டியே அதைவிட மேல். குளிர்பதன வண்டியையே எடுத்தால், கூரைவரை அடுக்காமல் காற்று சுற்றிவர இடம் விட்டு, கம்பி வெப்பமானியைக் காய்க்குள் குத்தி உள்வெப்பத்தைப் பாருங்கள். சுவரில் ஒளிரும் எண் காற்றின் வெப்பம், காயின் வெப்பம் அன்று.

வண்டியின் எடை வரம்பு, விளைபொருள் வணிக உரிமம், எல்லை கடக்கும்போது வரும் பயிர்நோய்ச் சோதனை ஆகியவற்றின் விதிகளை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சரக்குக் காப்பீடு எடுத்தாலும், தானாக அழுகிய சரக்குக்கு அது பொதுவாக ஈடு தராது.

ஐந்தாம் படி: கொள்முதல்

தோட்டத்துக்கே போய் வாங்குவதானால் வரப்பு ஓரத்துச் செடிகளைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஓரச் செடிகளுக்கு வெயிலும் காற்றும் கூடுதல், அவை எப்போதும் நன்றாகவே இருக்கும். நிலத்தைக் குறுக்காக நடந்து, நடுவில் நான்கைந்து இடங்களில் பறித்துப் பாருங்கள். தர்பூசணியில் காயை ஒட்டிய பற்றுக்கம்பி காய்ந்து பழுப்பாகியிருக்க வேண்டும், தரையில் படிந்த பக்கம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். ஓரிரண்டை வெட்டி, நடுச்சதையின் சாற்றை ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சர்க்கரை 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. கைக்கு அடக்கமான கருவி, ஒரு நடையிலேயே தன் விலையைச் சம்பாதித்துவிடும். வெங்காயத்தில் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் சரியாக உலரவில்லை, மூட்டைக்குள் அது அழுகத் தொடங்கிப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். தக்காளியில் தூரத்துக்கு ஏற்ற நிறம் வாங்க வேண்டும். இரண்டு நாள் கழித்து விற்க வேண்டியதைச் செங்காயாக, அதாவது அடியில் நிறம் திரும்பத் தொடங்கிய பதத்தில் எடுங்கள்.

எடை போடும்போது ஒரு நுணுக்கம். காலி வண்டியை எடைமேடையில் ஏற்றும்போது எரிபொருள் தொட்டி எந்த அளவில் இருந்ததோ, அதே அளவில்தான் சரக்கு வண்டியையும் ஏற்ற வேண்டும். 300 லிட்டர் டீசல் ஏறத்தாழ 250 கிலோ எடை. காலித் தொட்டியோடு முதல் எடை போட்டு, நடுவில் தொட்டியை நிரப்பிவிட்டு இரண்டாம் எடை போட்டால், அந்த 250 கிலோவுக்கும் வெங்காய விலை கொடுத்திருப்பீர்கள். விற்பவர் ஏமாற்றினார் என்று பிறகு புலம்பிப் பயனில்லை.

ஆறாம் படி: பறிப்பதும் ஏற்றுவதும்

விடியலில் பறி, வெயிலுக்கு முன் ஏற்று என்பது பொதுவிதி. இதற்கு விலக்குகள் உண்டு. விடியலில் தர்பூசணி நீர் ததும்பி விறைத்திருக்கும், சற்றே தட்டினாலும் வெடிக்கும். அதை வெயில் ஏறி, விறைப்பு தணிந்த பின் அறுப்பதே பாதுகாப்பு. ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றைப் பனி ஈரத்தோடு பறித்தால் தோலில் எண்ணெய்ப் பைகள் உடைந்து, இரண்டு நாளில் கறை தெரியும். மற்றவற்றில் காலை நேரமே சிறந்தது, பறித்ததை நிழலில் வைப்பது கட்டாயம்.

தர்பூசணிக்கு வண்டியின் அடியிலும் பக்கங்களிலும் வைக்கோல் தடிமனாகப் பரப்பி, கையிலிருந்து கைக்கு மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கியதன் மேல் ஏறி நிற்க யாரையும் விடாதீர்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே சதை கலங்கியிருக்கும். தக்காளிப் பெட்டிகளை விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழேயே நிரப்ப வேண்டும். குவித்து நிரப்பினால் மேல் பெட்டியின் பாரம் பெட்டி விளிம்பில் இறங்காமல் பழத்தில் இறங்கும். ஓட்டத்தில் அதிர்வு மிகுவது வண்டியின் பின்பகுதியிலும் அடுக்கின் உச்சியிலும்தான். எனவே மென்மையான சரக்கை முன்பக்கமும், தாங்கக்கூடியதைப் பின்பக்கமும் வையுங்கள்.

கலந்து ஏற்றுவதில் கவனம் தேவை. ஆப்பிள், பழுத்த வாழை, பழுத்த தக்காளி, முலாம்பழம் ஆகியவை காய்களைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை வெளியிடுகின்றன. அவற்றின் பக்கத்தில் மூடிய வண்டியில் இருந்தால் வெள்ளரி மஞ்சளாகும், கீரை பழுக்கும், கேரட் கசக்கும், தர்பூசணியின் சதை தளரும். குளிர்நிலையும் எல்லாவற்றுக்கும் ஒன்றன்று. முட்டைக்கோசும் ஆப்பிளும் 0 டிகிரிக்கு அருகில் நன்றாக இருக்கும். வாழைக்கு 13 முதல் 14, முதிர்ந்த பச்சைத் தக்காளிக்கு 12.5 முதல் 15, வெள்ளரிக்கு 10 முதல் 12.5 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே போனால் குளிர்க்காயம் ஏற்படும். இந்தக் காயம் வண்டியில் தெரியாது, சரக்கு மறுபடி வெப்பத்துக்கு வந்த பின்தான் குழியும் கருமையுமாகத் தலைகாட்டும். இறக்கும்போது அழகாக இருந்த சரக்கைப் பற்றி மறுநாள் கடைக்காரர் சண்டைக்கு வந்தால், இதைச் சந்தேகியுங்கள்.

தார்ப்பாயைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. வழியில் தூறல் விழுந்ததால் வெங்காய வண்டியை இறுக்கிக் கட்டச் சொன்னேன். மழை ஒரு மணி நேரத்தில் விட்டது. அவிழ்க்க அலுப்புப்பட்டு அப்படியே இரவு முழுதும் ஓட்டினோம். காலையில் தார்ப்பாயைத் தூக்கியபோது அதன் உட்புறம் வேர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது, மேல் இரண்டு வரிசை மூட்டைகள் ஈரமாக இருந்தன. வெங்காயத்துக்கு வேண்டிய ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம்தான். மழை நனைக்காததை அதன் மூச்சே நனைத்துவிட்டது. அந்த இரண்டு வரிசைதான் என் எட்டாவது பங்கு. இப்போதெல்லாம் மேலே மட்டும் மூடி, முன்னும் பின்னும் காற்று நுழைய விட்டுக் கட்டுகிறேன்.

ஏழாம் படி: விற்பனை

வண்டி கிளம்பும் முன்பே சரக்கில் பாதியாவது யாருக்கு என்று பேசி முடிந்திருக்க வேண்டும். மீதிப் பாதியைச் சந்தைக்கு விடலாம். மொத்த வியாபாரியிடம் முழு வண்டியையும் இறக்கினால் விலை குறைவு, ஆனால் வண்டி அன்றே திரும்பும். சில்லறைக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் விலை கூடும், நாளும் கூடும். வண்டியிலிருந்தே மக்களுக்கு நேரடியாக விற்றால் விலை மிக நல்லது, ஆனால் பத்து டன்னை அப்படி விற்க முடியாது.

இங்கே பலர் இழப்பது பொறுக்கவிட்டு விற்பதால். வாங்குபவரை விருப்பப்படி பொறுக்க விட்டால் முதல் பத்துப் பேர் நல்லதையெல்லாம் எடுத்துக்கொள்வார்கள், கடைசியில் இருப்பது சரக்கன்று, கழிவு. லாபம் கடைசிப் பங்கில் இருக்கும்போது கடைசிப் பங்கைக் கழிவாக்கிக்கொள்வதைவிடப் பெரிய தவறு இல்லை. முன்கூட்டியே தரம் பிரித்து, தரத்துக்கொரு விலை வைத்து, பெட்டியாகக் கொடுங்கள். விலையைக் குறைக்க வேண்டியிருந்தால் சரக்கு வாடும் முன்பே குறையுங்கள். காலை பத்து மணிக்குள் பாதி போகவில்லை என்றால் இவ்வளவு குறைப்பது, பிற்பகலில் இவ்வளவு என்று முதல் நாள் இரவே எழுதி வைத்துவிட்டால், சந்தையில் நின்றுகொண்டு மனத்தோடு போராட வேண்டியதில்லை. இரண்டாம் தரத்துக்கும் ஊறுகாய், சாறு, சாஸ் தயாரிப்பவர்கள் போன்றவர்களை முன்பே பிடித்து வையுங்கள்.

கடனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உங்கள் லாபம் வரவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு என்றால், எட்டுக் கடையில் ஒன்று பணம் தராவிட்டாலே அந்த நடை இலவச ஊழியம். கடன் கொடுத்தால் அடுத்த நடை வரும் நாள்வரை மட்டும், பழைய பாக்கி தீர்ந்த பின் புதிய பெட்டி.

எட்டாம் படி: கணக்கேடும் அடுத்த நடையும்

ஒவ்வொரு நடைக்கும் ஏற்றிய எடை, இறக்கிய எடை, கழிவு, இரண்டாம் தரம், பறித்ததிலிருந்து விற்றுத் தீர்ந்ததுவரை ஆன மணி நேரம், கையில் வந்த பணம் ஆகிய ஆறையும் எழுதுங்கள். ஐந்தாறு நடைக்குப் பிறகு எந்தத் தோட்டத்துச் சரக்கு எடை குறைகிறது, எந்த ஓட்டுநர் ஓட்டினால் நசுங்கல் கூடுகிறது என்பது ஏட்டிலேயே தெரியும். தொடர்ந்து இரண்டு நடையில் கழிவு கூடி விலையும் இறங்கினால், உங்களைப் பொறுத்தவரை பருவம் முடிந்துவிட்டது. தோட்டத்தில் இன்னும் காய் தொங்குகிறது என்பது நீங்கள் ஓட்டுவதற்குக் காரணமாகாது.

வண்டி காலியானதும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், பழைய வைக்கோலையும் நசுங்கிய காய்களையும் கூட்டித் தள்ளி, பலகை இடுக்குகளில் தேங்கிய சாறு போகுமாறு தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, குளோரின் கலந்த நீரால் ஒருமுறை அலசி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். பெட்டிகளுக்கும் அப்படியே. அழுகலின் பூஞ்சை வித்துகள் அந்த இடுக்குகளில்தான் அடுத்த லோடுக்காகக் காத்திருக்கும்.